இருக்கிற முகம்

பெப்ரவரி 16, திங்கள்
ஸ்டூடியோவில் வழக்கமான வேலைதான். முகத்தை வெள்ளையாக்கு, பருவை எடு, கண்ணுக்குக் கீழே கறுப்பை எடு. தலவாக்கலையில் பாதிப் பேர் என் கையால் சிவந்தவர்கள்.

தங்கச்சி கிருஷாந்தியையும் அப்படித்தான் ஆக்கினேன். சின்ன வயதில் தோட்டத்து லய வீட்டில் குப்பி விளக்கு சரிந்து இடது கன்னத்தில் வந்த தழும்பை அழித்துத்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் படம் போனது. நேற்று பெண் பார்க்க வந்தவர்கள் டீயைக்கூடக் குடிக்கவில்லை. "போட்டோவுல இருந்த புள்ள எங்க?" என்று அந்த அம்மா கேட்டார். கிருஷாந்தி சிரித்தாள். பிறகு பின்பக்கம் போய், கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடி கழுவினாள்.

பெப்ரவரி 18, விபூதிப் புதன்
நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வேலைக்குப் போனேன். எப்போதும் தவக்காலத்துக்கு இறைச்சியை விடுவேன். இந்த முறை வேறு. உயிர்ப்பு ஞாயிறு வரை யார் முகத்தையும் திருத்த மாட்டேன்.

முதலாளி ஹசன் நானாவுக்கும் ரமழான் நோன்பு தொடங்குகிறது. "நான் சாப்பாட்ட வுடுறேன், நீ என்னோட யாவாரத்த வுடுறியா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, கேக்கிறவங்களுக்கு நானே செஞ்சு குடுக்கிறேன்" என்றார். நல்ல மனுசன்.

பெப்ரவரி 27, வெள்ளி
சிலுவைப்பாதை. ஆறாம் நிலையில் அப்படியே நின்றுவிட்டேன். இயேசுவின் முகத்தைத் துடைத்த வெரோனிக்காவின் துணியில் பதிந்ததும் ஒரு படம்தானே? வேர்வையும் இரத்தமுமாகத்தான் பதிந்தது. அதை யாரும் திருத்தவில்லை.

மார்ச் 8, ஞாயிறு
ராசம்மா அத்தை இன்னொரு சம்பந்தம் கொண்டுவந்தார். நானுஓயாவில் வேன் ஓட்டுகிறவர், பெயர் கிஷாந்த். படத்தில் முகம் ட்யூப்லைட் மாதிரி இருக்கிறது. பெண்ணின் படம் வேண்டுமாம்.

"இந்தத் தடவ மட்டும் அழிச்சிரு அக்கா."

"முடியாதுடி. தவக்காலம்."

"ஒன் தவத்துக்கு என் வாழ்க்கதான் கெடச்சிச்சா?"

அவள் கேட்டது நியாயம்தானே. விரதம் என்னுடையது, கன்னம் அவளுடையது.

மார்ச் 9
கிருஷாந்தி என்னோடு பேசவில்லை. ஆனால் எனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை மூடி வைத்திருந்தாள்.

மார்ச் 13, வெள்ளி
தோட்டத்துக் குழந்தைகளைக் கிருஷாந்தி பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். கொழுந்தெடுக்கப் போன ஒருத்தியின் குழந்தை, இவள் கன்னத்துத் தழும்பில் கையை வைத்தபடியே மடியில் தூங்கிப்போயிருந்தது. அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு அழகாக இருந்தாள் என் தங்கச்சி! அப்படியே படம் எடுத்து அவளுக்குக் காட்டினேன்.

"இத அனுப்பவா? வேணாம்னா அழிச்ச பழைய படத்தையே அத்தகிட்ட குடுத்துர்றேன். நீயே சொல்லு."

ரொம்ப நேரம் பார்த்தாள். "இதையே அனுப்பு. வேணாங்கிறவங்க இப்பவே சொல்லட்டும். டீயாவது மிஞ்சும்."

மார்ச் 20
பதில் இல்லை.

மார்ச் 29, குருத்து ஞாயிறு
இன்னும் இல்லை. நான் ஏன் இப்படிச் செஞ்சேன்? பேசாம இறைச்சியையே விட்டிருக்கலாம்.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்
அத்தை போன் பண்ணினார். அவங்களுக்குச் சம்மதமாம், எப்போது வரலாம் என்று கேட்கிறார்களாம். மூச்சு வாங்க ஓடிப்போய்ச் சொன்னேன். கிருஷாந்தி அரிசி புடைப்பதை நிறுத்தவே இல்லை.

"நான் இன்னும் சம்மதம்னு சொல்லலயே. அந்தப் போட்டோவுல மனுசனே தெரியல. அழிக்காத படம் ஒண்ணு அனுப்பச் சொல்லு. பெறகு பாப்போம்."

கொழுப்பைப் பார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அத்தையிடம் அப்படியே சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 6, திங்கள்
நேற்று உயிர்ப்பு ஞாயிறு. பூசை, பிரியாணி, நல்ல தூக்கம்.

இன்று மத்தியானம் ஸ்டூடியோ வாசலில் ஒருவர் தயங்கித் தயங்கி நின்றார். "நானுஓயாவுல இருந்து வர்றேங்க, கிஷாந்த். எப்பிடி இருக்கேனோ அப்பிடியே எடுக்கணும்னு சொன்னாங்களாம்." கறுத்த முகம். கன்னமெல்லாம் பரு வந்து ஆறிய குழிகள். ஸ்டூலில் விறைப்பாக உட்கார்ந்தார். எடுத்துக் காட்டினேன்.

"கொஞ்சமா அழிக்கலாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். "அவங்களுக்குப் புடிக்காமப் போயிருச்சுன்னா?"

தவக்காலம் முடிந்துவிட்டது. அழிக்கலாம்தான். அழிக்காமலே கிருஷாந்திக்கு அனுப்பினேன்.

பதில் வரவில்லை. அவரும் போகவில்லை, தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு பெஞ்சிலேயே இருந்தார். கடைசியில் போன் அடித்தது.

"அக்கா, அவரு இன்னும் அங்கதான் இருக்காரா?"

"இருக்காரு."

"சாப்பிட்டாரான்னு கேளு."