கடலைத்தோல் லாரி

திருவான்மியூர் பஸ் நிலையம், காலை

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் சுகமா? அத்தைக்கு முட்டிவலி குறைந்ததா? நான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், நம்புங்கள்.

மருந்துக் கம்பெனியில் கார்பன் புகையைக் குறைக்கத்தானே என்னை எடுத்தார்கள்? திங்கள் முதல் பாய்லரில் எண்ணெய்க்குப் பதில், கடலைத்தோலை அழுத்திச் செய்த கட்டிகளை எரிக்கிறோம். நீராவி போதாவிட்டால் மறுபடி எண்ணெய்தான் என்று மேனேஜர் மிரட்டியிருந்தார். நீராவி குறையவே இல்லை!

வாசனைதான் வம்பு. தரம் பார்க்கும் ஜொவிட்டா மேடம் மாத்திரைகளையே முகர்ந்து பார்த்தார். பாய்லர் ஓட்டும் கஜேந்திரன் அண்ணன், "இன்னா மேடம், இது மருந்து கம்பெனியா, கடலை வறுக்குற கடையா? பசிச்சிகினே கீது" என்கிறார். பொறி பட்டு என் துப்பட்டா நுனி கருகியது. கைக்கு ஒன்றுமில்லை.

தோல் வருவது நம் ஆலங்குடி மில்லிலிருந்துதான். செவ்வாய்தோறும் லாரி. அதில் எள்ளுப்பொடியும் என் பச்சைப் போர்வையும் கொடுத்துவிடுங்கள். உங்கள் பழைய சட்டை ஒன்றும் வேண்டும், பாய்லர் துடைக்கத்தான்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. உங்கள் கடையை விட்டு என்னைப் பார்க்க வரமுடியாது என்பீர்கள், தெரியும். இருந்தாலும் லாரி டிரைவரிடம் கேட்டுவைத்தேன். பக்கத்து சீட் எப்போதும் காலியாகத்தான் வருகிறதாம்.

உங்கள்
ஷண்முகப்ரியா