திரை திரும்பும் கேமரா

என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம், முழங்கால் வலியும் அடங்கிவிட்டது. உன் சர்க்கரை எப்படி இருக்கிறது?

கைபேசியே போதும் என்கிறான் மகன். அதில் வரும் படங்களில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், நீ இல்லை, எடுப்பவளே நீதானே! உன் படத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், நேற்று ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கிவிட்டேன். உன் பழைய கைபேசியில் முன்பக்கக் கேமரா இல்லையே; இதில் திரையை முன்பக்கம் திருப்பினால், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நீயே எடுக்கலாம்.

"பெரியவரே, இதுல ஜூம் கம்மி. தூரத்துல இருக்கறவங்க கிட்ட வரமாட்டாங்க" என்றார் கடைக்காரர்.

"எடுக்கப்போறதும் என் வீட்டுக்காரி, படத்துல இருக்கப்போறதும் அவதான். கை நீளம் போதும், இதையே கட்டுங்க" என்றேன்.

என்னோடு வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் நாளை நம் ஊருக்கு வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். படம் எடுக்கும்போது கண்ணாடியைக் கழற்றாதே. கட்டியிருக்கும் புடவையே போதும். என்னை வேலைக்கு ஏற்றிப்போக வண்டி வந்துவிட்டது, கடைசியாக ஒன்று. படம் நன்றாக விழவில்லை என்று எதையும் அழித்துவிடாதே. எனக்கு எல்லாமே வேண்டும்.

உன் வீட்டுக்காரன்