முதலில் விரித்த சேலை

ஆவணி, வியாழன்.

இன்று பட்டுக் கடையில் முதலாளி, சேலை விரித்துக் காட்டும் எங்களை நிற்க வைத்து, "ஜனங்களுக்கு லேசான பட்டுதான் புடிக்குது. இந்த மாசம் வித்ததெல்லாம் அதுதான். இனிமே பெரிய பார்டர் சேலைக்கு ஆர்டர் வாணாம்" என்றார்.

என் வீட்டுக்காரர் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறியில் முதலாளிக்காக நெய்வது பெரிய பார்டர் சேலைதான். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"லேசானதை மொதல்ல விரிக்கச் சொன்னது நீங்கதானே சார்? பெரிய பார்டர் அலமாரிக்குள்ளயே இருக்குது. கண்ணுலயே படாததைப் புடிக்கலன்னு எப்படிச் சொல்றது?"

"உன் புருஷன் தறிக்காகப் பேசிக்கினு இருக்குற. சரிம்மா, ஒரு வாரம் ரெண்டையும் சேர்த்து விரி. அப்பவும் விக்கலன்னா வாயத் தொறக்கக்கூடாது."

சாயந்திரம் ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். இரண்டையும் விரித்தேன். மணப்பெண் பெரிய பார்டரைத் தோளில் போட்டுப் பார்த்தாள். "அழகா இருக்குது ஆன்ட்டி, ஆனா ரொம்ப கனம்" என்று சொல்லி லேசானதை எடுத்துக்கொண்டாள். முதலாளி என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

ஒருத்தி சொன்னதை வைத்து எல்லாருக்கும் அப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. அது எனக்குத் தெரியும்.

இரவு வீட்டில் சாப்பிடும்போது இவர், "அடுத்த சேலைக்குக் கடையில பாவு நூலு எப்ப தருவாங்கன்னு கேட்டியாம்மா?" என்றார்.

"நாளைக்குக் கேக்கறேன்" என்றேன்.