ஏழாம் நம்பர் சும்மா போனான்

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இதனால் தாராவி கிராஸ் ரோடு மற்றும் அதன் சுற்றுவட்டாரப் பொதுமக்கள் அனைவருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: பைசான் ஆகிய எனக்கு, வயது பதினாறு, இன்று காலை எட்டு மணி முதல் மீசை முளைத்திருக்கிறது. மொத்தம் ஒன்பது முடி. இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் நான்கு. கிளப் குரூப்பிலும் போட்டோவோடு அறிவித்துவிட்டேன். சந்தேகம் உள்ளவர்கள் நேரில் வந்து எண்ணிக்கொள்ளலாம்.

இதையெல்லாம் தமிழில் எழுதக் காரணம் உண்டு. என் அக்கா சஃபீனா ராத்தா இந்த வீட்டில் எதையும் படிக்காமல் விட மாட்டாள். தமிழ் மட்டும் எழுத்துக்கூட்டி ஒரு வரி தாண்டுவதற்குள் கொட்டாவி வந்துவிடும். இதைவிட நல்ல பூட்டு பஜாரில் கிடைக்காது.

அடுத்த செய்தி. எங்கள் ஃபுட்பால் கிளப் நெல்லை யுனைடெட்டின் ஏழாம் நம்பர் ஜஹாங்கீருக்கு, அதாவது நம்ம ஜங்குவுக்கு, பெண் தேடி நான் ஒட்டிய போஸ்டர் குழாயடியில் சக்கைப்போடு போட்டது. பாஸ்போர்ட் போட்டோ, நீலப் பின்னணி, எண்ணெய் வைத்து வாரிய தலை. கீழே: "மணமகள் தேவை. மாப்பிள்ளைக்கு இடது கால் தங்கம். வலது கால் பிறந்ததிலிருந்து லீவில் இருக்கிறது." தண்ணீர் பிடிக்க வந்த சந்து முழுக்கச் சிரித்தது. ஜங்கு தன் பெல்ட் பட்டறையிலிருந்து செருப்போடு ஓடி வந்தான். போஸ்டரைக் கிழித்துச் சாக்கடையில் போட்டான்.

"இன்னொரு தடவ இப்பிடிச் செஞ்சே, வாயச் சேத்துத் தச்சிருவேம்ல."

பெல்ட் தைக்கிறவன் சொன்னால் பயப்படத்தான் வேண்டும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

லீக் ஆபீசுக்குப் போய் வந்தேன். வருஷா வருஷம் ஒவ்வொரு பிளேயருக்கும் கையெழுத்து, போட்டோவோடு ஒரு ஃபாரம் கொடுக்க வேண்டும். ஆகஸ்ட் முடிவதற்குள் போகாவிட்டால் ஆள் கிளப்பை விட்டு விடுதலை. யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகலாம். செகரட்டரி வெயிலுமுத்து அண்ணாச்சிக்குத் தையல் மிஷின் ரிப்பேர் கடையை விட்டு நகர முடியாது. போன வாரமே நானே வலியப் போய்ப் பதினெட்டு ஃபாரத்தையும் வாங்கி வைத்திருந்தேன்.

திரும்பி வந்ததும் கேட்டார். "எல்லாம் குடுத்தியால?"

"எல்லாம் குடுத்தாச்சு அண்ணாச்சி."

"நீ இல்லன்னா இந்த கிளப் என்னத்துக்கு ஆகும்!"

அதைத்தான் நானும் சொல்கிறேன். மைதானத்தில் ஓடுவது பதினோரு பேர். கிளப் ஓடுவது என் காலில்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சயான் ஸ்டேஷனில் தண்டவாளத்தைக் காணவில்லை, தண்ணீர்தான் இருக்கிறது. பள்ளிக்கூடம் லீவு. அல்ஹம்துலில்லாஹ்.

செப்டம்பர் 7, ஞாயிறு

போயிட்டான். ஜஹாங்கீர் போயிட்டான்.

செம்பூரில் இருக்கிற திலக் நகர் ரோவர்ஸ் கிளப்புக்கு. பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறான், பல் முப்பத்திரண்டும் தெரிய. போன வருஷம் நாம் போட்ட இருபது கோலில் பதினொன்று அவனுடையது. அந்த இடது கால் நம்ம சந்தில், நம்ம சாக்கடைக்கு மேல் தாவித் தாவிப் பழகிய கால். அது இப்போது சும்மா, ஓசியில், ஃப்ரீ டிரான்ஸ்ஃபரில் செம்பூருக்குப் போகிறது. ஒரு பழைய பந்து கூட பதிலுக்கு வரவில்லை. வெங்காயத்துக்குக் கறிவேப்பிலை கொசுறாகக் கொடுப்பார்கள். நாம் கறிவேப்பிலையை வைத்துக்கொண்டு வெங்காயத்தைக் கொசுறாகக் கொடுத்திருக்கிறோம்.

துரோகி. நாளை முதல் அவனோடு பேச்சு இல்லை.

நாளைக்கு என்ன, இன்றைக்கே இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

குரூப் கொதிக்கிறது. பேங்கில் ரிட்டயர் ஆன மாட்டுங்கா வேங்கடசுப்ரமணியன் மாமா, ஒவ்வொரு ஞாயிறும் குடையோடு வந்து நம் மேட்ச் பார்க்கிற ஒரே வெளியூர் ரசிகர், மூன்று நிமிஷம் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார்.

"நாலு வருஷமா ஆறாவது எடம். அஞ்சும் இல்லே, ஏழும் இல்லே. ஆறுலயே பட்டா வாங்கி வீடு கட்டிண்டாச்சு. ஜெயிக்கணும்னு ஒரு ஆசை வேண்டாமோ? ஆசையில்லாத எடத்துல நல்ல பிளேயர் எதுக்குடா இருப்பான்? போகத்தான் போவான்!"

நான் பதில் போட்டேன்: ஆசை வேறு, விசுவாசம் வேறு. ஆறாவது இடத்திலேயே நான் நாலு வருஷம் கத்தவில்லையா? ரசிகர் மன்றத் தலைவரான எனக்கு எந்த திலக் நகர் ஆஃபர் வந்தது? வந்தாலும் போவேனா? ரத்தத்தில் இருக்க வேண்டும், மாமா.

நாற்பத்தொரு பேர் கைதட்டல் பொம்மை போட்டார்கள்.

புதுக் கோஷமும் கட்டிவிட்டேன்:

யாரு யாரு துரோகி யாரு?
ஏழாம் நம்பர் சட்டையைப் பாரு!

செப்டம்பர் 13, சனி

காலையில் ஜங்குவின் பட்டறை ஷட்டரில் சாக்பீஸால் எழுதினேன்: "இங்கே விசுவாசம் இலவசமாகக் கிடைக்கும். டெலிவரி திலக் நகர் மட்டும்." எழுதி முடிக்கும்போதே ஷட்டர் மேலே போனது. உள்ளே அவன்தான். செருப்பை எடுக்கவில்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"நான் போகலல. என்னய விட்டுட்டாங்க."

"பந்தா பண்ணாத ஜங்கு."

"ஒண்ணாந்தேதி லிஸ்ட் வந்துச்சு. நீ பாத்தியா? ஒருத்தனும் பாத்திருக்க மாட்டீங்க. பதினேழு பேரு. என் பேரு இல்ல. என் ஃபாரமே வரலன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. புது ஃபாரம் குடுக்க பதினஞ்சு வரைக்கும் டயம் இருக்கு, யாராச்சும் வருவாங்கன்னு ஆறு நாள் இங்கனயே உக்காந்திருந்தேன். போஸ்டர் ஒட்டிச் சிரிக்க ஆள் இருக்கு. ஃபாரம் கொண்டாந்து நீட்ட ஒரு ஆள் இல்ல. திலக் நகர்க்காரன் ரெண்டு டிரெய்ன் மாறி, மழைல நனைஞ்சு வந்து கேட்டான்ல."

பிறகு ஈரத்துணி எடுத்து ஷட்டரை அவனே துடைத்தான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்றைக்கு எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

விடுவேனா? அண்ணாச்சி கடை வாசலில் முப்பது பேரைக் கூட்டிவிட்டேன். ஃபாரம் போகவில்லை என்றால் செகரட்டரி பதில் சொல்ல வேண்டும். அதுதானே நியாயம்? அதுதானே?

எல்லாரையும் விட நான்தான் சத்தமாகக் கத்தினேன். "செல்வம் உங்க தங்கச்சி மவன். அவனும் லெஃப்ட் விங். ஜங்கு போனா அந்த எடம் யாருக்கு? சொல்லுங்க அண்ணாச்சி!"

கூட்டம் ஓ என்றது. செல்வம் அங்கேயே ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

அண்ணாச்சி கையில் ஸ்குரூ டிரைவர். "எண்ணித்தாம்ப்பா குடுத்தேன்... பதினெட்டு..." என்று ஆரம்பித்தார். என்னைப் பார்த்தார். நான் கடைப் போர்டைப் படித்தேன். அவருடைய முகம் மெல்ல மாறியது. "எண்ணினேனா? அன்னிக்கு ரெண்டு மிஷின் வந்து நின்னுச்சு. ஒண்ணு இங்கனதான் எங்கயாவது விழுந்திருக்கும். எங்கைலதான் தப்பு இருக்கும்."

கிளப் பெட்டிச் சாவியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

பைசான்கிட்டதான் குடுத்தேன் என்று ஏன் அவர் சொல்லவில்லை? சொல்லியிருக்கலாமே. சொல்ல வேண்டியதுதானே? வாய் இல்லையா அந்த ஆளுக்கு?

அக்டோபர் 12, ஞாயிறு

0-2. செல்வம் லெஃப்ட் விங்கில் ஆடினான். பந்தைத் தொட்டபோதெல்லாம் நம்ம ஆட்களே "மாமா! மாமா!" என்று கேலி செய்தார்கள். நான் ஆரம்பித்து வைத்ததுதான். இன்றைக்கு நான் கத்தவில்லை. தொண்டைவலி.

தொண்டைவலி ஒன்றும் இல்லை.

நவம்பர் 2, ஞாயிறு

சுனாபட்டி மைதானம். எங்கள் எதிரி திலக் நகர். 0-3. இரண்டு கோல் ஜங்கு. கோல் போட்டுவிட்டு அவன் கையைத் தூக்கவில்லை, குதிக்கவில்லை, எங்கள் பக்கம் திரும்பவும் இல்லை. பந்தை எடுத்து நடு வட்டத்தில் வைத்துவிட்டுப் போய் நின்றான். என் கோஷத்தை மற்றவர்கள் கத்திக்கொண்டே இருந்தார்கள். இவ்வளவு கேவலமான கோஷத்தை எந்தக் கழுதை கட்டியது என்று இருந்தது.

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அண்ணாச்சி மேட்சுக்கு வரவில்லை. விசில் அடித்ததும் மாட்டுங்கா மாமா குடையைச் சுருட்டினார்.

"வரும்போது அந்த மனுஷன் கடை வழியாத்தான் வந்தேன். டிராயரை எல்லாம் தரையில கவுத்துப் போட்டுண்டு இன்னும் அந்த ஃபாரத்தைத் தேடிண்டிருக்கார்டா. ஒன்றரை மாசமா! தோத்துட்டு வர்ற டீமை எத்தனை வருஷம் வேணா பார்ப்பேன். இதைப் பார்க்க முடியலே. நான் இனிமே வரலே."

நவம்பர் 3, திங்கள்

என் ஜியாக்ரஃபி புத்தகத்தில், பருவக்காற்றுப் பாடத்துக்கு நடுவில், ஆகஸ்ட் பன்னிரண்டிலிருந்து ஒரு ஃபாரம் இருக்கிறது.

அன்றைக்கு லீக் ஆபீஸ் கிளார்க் பதினேழை வாங்கிக்கொண்டு ஒன்றைத் திருப்பித் தள்ளினார். "இஸ்கா ஃபோட்டோ கிதர் ஹை?" போட்டோ சாக்கடையில் இருந்தது. அந்த ஃபாரத்திலிருந்து பிய்த்துத்தான் போஸ்டரில் ஒட்டினேன். மாப்பிள்ளைக் களையோடு அவ்வளவு நல்ல போட்டோ வேறு எங்கே கிடைக்கும்? ஜங்குவிடம் இன்னொன்று கேட்டால் செருப்படி. நாளைக்குக் கேக்கலாம்னு இருந்தேன். மழை வந்துச்சு, லீவு வந்துச்சு. மறந்து போச்சு. சத்தியமா மறந்துதான் போச்சு. மறந்தது மடத்தனம். சரி. ஆனா ஷட்டர் வாசல்ல ஜங்கு சொன்னப்பவே ஞாபகம் வந்துருச்சே — அதுக்கப்புறம் அண்ணாச்சி மேல கத்தினேனே — அது என்ன தனம்? எத்தனையோ பேருக்குப் பட்டப்பேர் வச்சவன் நான். இதுக்கு ஒரு பேர் வாயில வரல.

ஸ்கூல் விட்டதும் கடைக்குப் போனேன். ஃபாரத்தை நீட்டினேன். போட்டோ இருந்த இடத்தில் கோந்து காய்ந்து மஞ்சளாக இருந்தது. சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான்.

அண்ணாச்சி அந்தக் கோந்தை விரலால் தடவிப் பார்த்தார். "அப்போ நான் எண்ணினது சரிதான்" என்றார். அவ்வளவுதான். கத்தியிருக்கலாம். ஸ்பானரால் ஒன்று போட்டிருக்கலாம். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையில் கொட்டிக் கிடந்த ஊசிப் பெட்டி, பாபின், திருகாணி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக டிராயரில் அடுக்க ஆரம்பித்தார். நானும் குனிந்தேன்.

"நீ தொடாத."

நின்றுகொண்டே இருந்தேன். கடைசி டிராயரை மூடும் வரை போகச் சொல்லவும் இல்லை.

வீட்டுக்கு வந்து குரூப்பில் "இதனால் சகலருக்கும் அறிவிப்பது" என்று தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன்: ஜங்கு ஃபாரத்தைக் குடுக்காதது நான். அண்ணாச்சி இல்ல. செல்வத்துக்கும் இதுல ஒண்ணும் தெரியாது. நான்தான்.

ஐந்து நிமிஷத்தில் என்னை அட்மினிலிருந்து தூக்கிவிட்டார்கள். ஜங்குவிடமிருந்து நீல டிக் மட்டும். மாட்டுங்கா மாமா மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தார்: "ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கு அண்ணாச்சி கடை வாசல்ல நிப்பேன். அவர் வந்தா மேட்சுக்குப் போறது. வராட்டா அங்கேயே நிக்கறது. யார் யார் வரேள்?" முதல் பெயர் செல்வம். இப்போது பத்தொன்பது பெயர் ஆகிவிட்டது. என் பெயரைப் போடலாமா என்று யாரிடம் கேட்பது?

மற்றவர்கள் நான் கட்டிய கோஷத்தையே திருப்பி எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்:

யாரு யாரு துரோகி யாரு?
ஒம்பது முடி மீசையப் பாரு!

சந்தம் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது, குறை சொல்ல முடியாது. கணக்கில் மட்டும் ஒரு தப்பு. எழுதுவது என்று ஆன பிறகு இதையும் எழுதிவிடுகிறேன். ஒன்பது இல்லை. நாலு. மற்ற ஐந்தும் சஃபீனா ராத்தாவின் கண்மை பென்சில்.