எழுபது வயதுக்கான கோப்பை

குன்னூர், 9 பிப்ரவரி 2025, ஞாயிறு (தை 27)

இன்று அரை மாரத்தான் ஓடினேன். கடைசி ஏற்றத்தில், எங்கள் ஓட்டச் சங்கத்து நண்பர் போஜனை முந்தினேன். பரிசளிப்பில், எழுபது கடந்தோர் பிரிவில் முதலிடம் என்று என் பெயரை அழைத்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆதார் அட்டைப்படி எனக்கு எழுபது நிறைவது வருகிற ஜூன் ஒன்றாம் தேதி. மேடையேறி, ஒலிபெருக்கியில் அதைத் தெரிவித்தேன்.

எங்கள் பெயர்களைப் பதிவு செய்தவர் போஜன். கீழிருந்தே கத்தினார்: "ஏனுங்க, போன கார்த்திகைல எழுபதாங் கல்யாணம்னு எங்களுக்கெல்லாம் பாயசம் ஊத்துனீங்களே, அது யாருக்குங்க?"

"அது ஜாதகப்படிங்க. பள்ளிக்கூடத்துல சேர்த்தப்ப ஹெட்மாஸ்டர் எழுதுன தேதிதான் ஆதார்ல இருக்கு, அதுதான் செல்லும்."

கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் என் மனைவி சால்வையால் முகத்தை மூடிக்கொண்டாள். "கப்ப வாங்கிட்டு எறங்குங்க, குளுருது!"

நான் வாங்கவில்லை. கோப்பை, இரண்டாவதாக வந்த போஜனுக்குப் போயிற்று. என்னை அறுபது கடந்தோர் பிரிவுக்கு மாற்றினார்கள். அதில் நான் கடைசி.

மாலையில் போஜன் வந்து கோப்பையை எங்கள் அலமாரியில் வைத்தார். "ஜூன் ஒண்ணு வரைக்கும் இது என்னுதுங்க. அன்னிக்கு விடிஞ்சா உங்களுது."

போட்டி நடந்த தேதியே கணக்கு என்பதை விளக்கத் தொடங்கினேன். அவர் சமையலறைப் பக்கம் திரும்பி, "அம்மணி, காப்பி வைங்க. இவரு இப்போதைக்கு முடிக்க மாட்டாரு" என்றார்.

கோப்பை இப்போது எதிரே மின்னுகிறது. அதன் ஒரு கைப்பிடியில் போஜனின் விரல் தடம் இருக்கிறது. அடுத்தவர் பொருள், துடைக்கவில்லை.

நாட்காட்டியை மட்டும் புரட்டிப் பார்த்தேன். ஜூன் ஒன்றும் ஞாயிறாகவே வருகிறது.