மாப்பிள்ளை வராத வாக்கெடுப்பு

மார்ச் 4
தார்ப்பாய் லோடு வந்தது. இரண்டு சுருளில் ஓட்டை. திருப்பி அனுப்பினேன்.

மதியம் பூட்டுக்கடைக்காரர் வந்தார், கடைக்காரர் சங்கத்தின் சார்பில். வாடகைக் கடைகளை இடிக்கக்கூடாது என்ற மசோதா 19ஆம் தேதி சட்டசபையில் ஓட்டுக்கு வருகிறது. எங்கள் முப்பத்திரண்டு கடைகளின் பிழைப்பு அதில்தான். ஓட்டு இழுபறி.

"உங்க தங்கச்சி வீட்டுக்காரர் அன்னிக்கு மட்டும் சபையில உக்காந்தா போதும்ணே."

மார்ச் 6
எம்.எல்.ஏ. மாப்பிள்ளையின் வருகைப் பட்டியலைச் சபை அலுவலகத்தில் வாங்கினேன். ஐம்பத்திரண்டு வாக்கெடுப்பு, முப்பத்தேழில் ஆள் இல்லை. காரணம்: காய்ச்சல், கல்யாணம், கார் பழுது. தாயாருக்கு உடல்நலக் குறைவு, ஐந்து முறை. அந்த அம்மா போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது! சிரித்து வயிறு வலித்தது.

ஊர் முழுக்க ஒட்டலாம். ஒட்டினால் எனக்கென்ன கிடைக்கும்?

மார்ச் 9
கட்டிட உரிமையாளர் ஆள் அனுப்பினார். மசோதா தோற்றால், பக்கத்து மனையில் அவர் கட்டி முடித்திருக்கும் புதுக் கட்டிடத்தில் மூலைக்கடை எனக்கு. இரண்டு வாசல். யோசித்தேன் என்று எழுதினால் பொய். உடனே சரி என்றேன்.

மார்ச் 11
பட்டியலை மாப்பிள்ளையிடம் நீட்டினேன். முகம் வெளுத்தது.

"குடும்பத்துக்குள்ளயே இப்படியா மச்சான்?"

"19ஆம் தேதி நீங்க சபைக்குப் போகக்கூடாது. அவ்வளவுதான் மாப்ளே."

"அட, இதுதானா! எனக்குக் கைவந்த வேலையாச்சே."

ஆனால் இந்த முறை ஊரே பார்க்கும். காய்ச்சல் செல்லாது. பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் என்றால் எவனும் வாய் திறக்கமாட்டான். யோசனை என்னுடையது.

மார்ச் 18
தங்கையை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தோம். "எனக்குத்தான் ஒண்ணுமில்லையேண்ணா. எதுக்கு ஊசி?"

"ரெண்டு நாள் படு. கேள்வி கேக்காதே."

ஊசி ஏறும்போது என்னையே பார்த்தாள்.

மார்ச் 19
ஒரே ஓட்டில் தோற்றது.

மார்ச் 20
நானும் மாப்பிள்ளையும் கட்டிலருகே இருந்தபோது பூட்டுக்கடைக்காரர் பத்துப் பேரோடு பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கடை போன ஆட்கள் — பழம்!

"கடை கெடக்குதும்மா. உசுருதானே முக்கியம்."

தங்கை எழுந்து உட்கார்ந்தாள். கையிலிருந்த டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்தாள். "எனக்கு ஒரு நோவும் இல்லண்ணே. உங்க கடைய இடிக்கத்தான் இவங்க ரெண்டு பேரும் என்னைப் படுக்க வச்சாங்க."

யாரும் கை ஓங்கவில்லை. ஒவ்வொருவராக வெளியேறினார்கள். பழத்தை எடுத்துப் போகவில்லை. நல்ல பழம்.

ஏப்ரல் 2
தங்கை வீட்டைவிட்டுப் போய்விட்டாள். போனில் மாப்பிள்ளை அழுகிறார். "மானம் போச்சு மச்சான்." இருந்தால்தானே போவதற்கு?

மே 30
பழைய கடைகளை இடித்தார்கள். ஒரே தூசி. புதுக்கடைக் கண்ணாடியை இரண்டு முறை துடைக்கச் சொன்னேன்.

ஜூன் 14
எதிர் நடைபாதையில் பூட்டுக்கடைக்காரர் துணி விரித்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து பூட்டுக்குச் சாவி பொருத்திப் பார்த்துக் கொடுக்கிறாள் என் தங்கை. வெயிலில் கறுத்துவிட்டாள். பழைய கடைக்காரர்கள் அவளோடு பேச வருகிறார்கள். என் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நிற்கிறார்கள். கூட்டத்தைப் பார்த்து என் வாடிக்கைக்காரர்களும் என்ன ஏது என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நகராட்சிக்குப் போன் போட்டேன். நடைபாதையை இரண்டு பேர் அடைத்திருக்கிறார்கள் என்றேன்.

"யார் பேசறீங்க?"

"தெருவுல போற ஆள்."

பதினோரு மணிக்கு வண்டி வந்தது. பூட்டுகளை வாரிப் போட்டார்கள். அவள் துணியை உதறி மடித்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

வண்டி போகும்வரை வாசலில்தான் நின்றேன்.