வரிசையில் எம்.பி.யின் செருப்பு

ஜனவரி 20, திங்கள்

இன்று வந்த தபால் முப்பத்தொன்று. அதில் பதினொன்று கல்யாணப் பத்திரிகை, ஒன்று காதுகுத்து. தை மாதம் வந்துவிட்டால் எங்கள் எம்.பி.யின் ஓசூர் அலுவலகம் கல்யாண மண்டபத்தின் முன்பதிவு அறை மாதிரி ஆகிவிடுகிறது.

பதில் போடுவதுதான் என் வேலை. யோசிப்பது இல்லை. எம்.பி.யின் உதவியாளர் மைக்கேல்ராஜ் அண்ணன் முதல் நாளே நான்கு மாதிரிக் கடிதங்களைக் கையில் கொடுத்துவிட்டார். "திட்டியிருந்தா ஒண்ணு. ஏதாச்சும் கேட்டிருந்தா ரெண்டு. மறுபடியும் கேட்டா மூணு. பத்திரிகைன்னா நாலு. யோசிக்காத பெனிஷா. யோசிச்சா தேங்கிடும்."

இரண்டில் 'பரிசீலிக்கப்படும்' என்று வரும். மூன்றில் 'தீவிரமாகப் பரிசீலிக்கப்படும்'. எட்டு மாதமாக அந்த 'தீவிரமாக'வுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஜனவரி 22, புதன்

கெம்பகுட்டை ரங்கம்மாவிடமிருந்து நான்காவது கடிதம். அஞ்செட்டிக்கும் மேலே, காட்டுக்குள் இருக்கிற ஊர். கோடு போட்ட நோட்டுத் தாள், நீல மை. தொலைந்துபோகக் கூடாது என்று இங்கே எழுதி வைக்கிறேன்:

"மூன்று கடிதத்துக்கும் பதில் வந்தது, நன்றி. மூன்றாவது உறையைப் பிரிக்கும் முன்பே உள்ளே என்ன இருக்கும் என்று எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஒரு எழுத்து தப்பவில்லை. எங்கள் ஊரில் டவர் இல்லை, போன் எடுக்காது என்பது என் புகார். அந்தப் புகாரை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். என் மருமகள் மாரம்மாவுக்குச் சித்திரையில் பிரசவம். வலி வந்தால் 108-ஐக் கூப்பிட ஒரு ஆள் அரை மணி நேரம் ஒத்தப்பாறைக்கு ஏறிப் போகணும். அதுவரை வலி பரிசீலித்துக்கொண்டு இருக்காது. இதில் உங்கள் நிலைப்பாடு என்ன? ஒரு வரி போதும்."

மைக்கேல்ராஜ் அண்ணனிடம் நீட்டினேன். படிக்காமலே, "எத்தனாவது தடவ?" என்றார்.

"நாலாவது."

"அதுக்கு மாதிரி இல்லையே. மூணையே போடு."

போடவில்லை. டிராயரில் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 24, வெள்ளி

'நமது எம்.பி.யின் நிலைப்பாடுகள்' என்று ஒரு கையேடு தயாரிக்க வேண்டுமாம். அவர் பேசிய பேச்சுகளை எல்லாம் உட்கார்ந்து கேட்டேன். தொழிற்பேட்டை விரிவாக்கம்: ஆதரவு. அதனால் நிலம் போகும் விவசாயிகள்: அவர்களுக்கும் ஆதரவு. கன்டெய்னர் லாரிகள் நகரத்துக்குள் வருவது: கண்டிக்கிறார். லாரி உரிமையாளர்கள் சங்க ஆண்டு விழா: வாழ்த்துகிறார். பொய் சொல்கிற மனிதர் இல்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முகம் வாடினால் தாங்காது, அவ்வளவுதான். இரண்டு முகங்கள் ஒரே அறையில் உட்கார்ந்தால் என்ன செய்வார்? அதனால்தான் தனித்தனியாகப் பார்க்கிறார் போல.

செல்போன் டவர் பற்றி ஒரு பேச்சிலும் ஒன்றும் இல்லை.

ஜனவரி 29, புதன்

சார் டெல்லிக்குப் போய்விட்டார். நாளை மறுநாள் கூட்டத்தொடர். போகும் முன் வழக்கம்போல நூறு வெற்று லெட்டர்பேடில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், டிவி பார்த்துக்கொண்டே. எழுபதாவது தாளுக்கு மேல் கையெழுத்தில் பாதிப் பெயர்தான் இருக்கிறது.

ஜனவரி 30, வியாழன்

என்ன செய்துவிட்டேன்.

ஒழுங்காக எழுதுகிறேன். மதியம் ஆபீஸில் யாரும் இல்லை. ரங்கம்மாவுக்கு ஓர் உண்மையான பதில் எழுதினால் எப்படி இருக்கும் என்று எழுதிப் பார்த்தேன் – எனக்காக, சும்மா. திரையில் படித்தால் எனக்குப் பிழை தெரியாது, தாளில்தான் தெரியும். பிரிண்ட் கொடுத்தேன். பிரிண்டரில் இருந்தது கையெழுத்துப் போட்ட லெட்டர்பேடு.

அதுகூடப் பரவாயில்லை, கிழித்துப் போட்டிருக்கலாம். அதற்குள் போன் வந்தது, உள்ளறைக்குப் போனேன். திரும்பி வந்தால் தாள் இல்லை. எங்கள் ஆபீஸ் உதவியாளர் கரியப்பன் அண்ணனுக்கு வேலையில் ஒரே ஒரு விதிதான். சார் கையெழுத்தோடு கண்ணில் படுகிற எதுவும் மூன்று மணித் தபாலில் போய்விட வேண்டும். பதினாறு வருடத்தில் ஒன்று தவறியதில்லையாம். பெருமையாகச் சொன்னார். "முகவரி மேலயே இருந்துச்சும்மா, நானே உறையில எழுதிட்டேன்."

நான் எழுதியது இது:

"வணக்கம் ரங்கம்மா. உங்கள் ஊரில் போன் எடுக்காது என்பது எனக்குத் தெரியாது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. தேர்தலின்போது ஒருமுறை வந்தேன், ஜீப்பை விட்டு இறங்கவில்லை. என் நிலைப்பாட்டைக் கேட்டிருக்கிறீர்கள். இதுவரை இல்லை. பரிசீலனை என்றால் எங்கள் அலுவலகத்தில் கடிதத்தை மஞ்சள் ஃபைலில் வைப்பது என்று பொருள். பிப்ரவரி 15, சனிக்கிழமை நானே வருகிறேன். ஒத்தப்பாறையில் ஏறி, அங்கிருந்தே அதிகாரியிடம் பேசுகிறேன். மாரம்மாவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்."

தேதியை ஏன் போட்டேன்? சாரின் பயணத் திட்டத்தில் அன்று 'ஓய்வு' என்று இருந்தது. தேதி இல்லாமல் அது கடிதம் மாதிரியே இல்லை.

ஜனவரி 31, வெள்ளி

தபால் காணாமல் போகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். போகட்டும்.

பிப்ரவரி 6, வியாழன்

போகவில்லை. ரங்கம்மாவின் ஐந்தாவது கடிதம்:

"இதுவரை வந்ததில் இது ஒன்றுதான் நீங்களே எழுதியது என்று படித்ததும் தெரிந்தது. 15-ஆம் தேதி வாருங்கள். மேளம் வைக்கவில்லை. பாறையில் போன் பேச வரிசை உண்டு. செருப்பை விட்டு இடம் பிடிக்கணும். ஒரு ஆளுக்கு ஐந்து நிமிடம்."

மடித்து டிராயரில் வைத்தேன். பயத்திலும் சிரிப்பு வந்தது.

பிப்ரவரி 8, சனி

கடிதத்தை யாரோ படம் பிடித்திருக்கிறார்கள். அந்தப் பாறை மேலிருந்தே அனுப்பியும் இருக்கிறார்கள். இப்போது அஞ்செட்டியிலிருந்து அத்திப்பள்ளி வரை எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் அதுதான்.

ராத்திரி சாப்பிடும்போது அம்மா சர்ச் பெண்கள் குழுவில் வந்ததை எனக்கே படித்துக் காட்டினாள். 'ஜீப்பை விட்டு இறங்கவில்லை' என்ற இடத்தில் அம்மாவின் குரல் தழுதழுத்தது.

"எவ்ளோ பெரிய மனுசன், எப்படி இறங்கி வந்து எழுதியிருக்காரு பாரு. எந்நேரமும் புக்கும் கையுமா இருக்கறியே, உன்னால இப்படி நாலு வரி எழுத முடியுமா?"

"முடியாதும்மா."

"ரசம் ஊத்திக்க."

பிப்ரவரி 10, திங்கள்

காலையிலிருந்து பாராட்டு அழைப்புகள். கட்சிக்காரர்கள், ஆசிரியர் சங்கம், எதிர்க்கட்சியில் ஒருவர். சார் மறுக்கவும் முடியாது. உண்மையைச் சொன்னது நான் இல்லை என்று எந்த எம்.பி. அறிக்கை விட முடியும்?

மைக்கேல்ராஜ் அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு கரியப்பன் அண்ணனை விசாரித்தார். "எவன்கிட்ட காசு வாங்கினு இத அனுப்புன?" கரியப்பன் அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. பதினாறு வருடம். வேலையே போய்விடும் போலிருந்தது. அப்புறம் நான் எப்படிச் சும்மா நிற்பது?

"நான்தாண்ணா எழுதினேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். மேஜை பேசும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. டெல்லிக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார்.

"ஏம்மா, வெட்கமா இருக்குதுன்னு எழுதியிருக்கே. எனக்கு எதுக்கும்மா வெட்கம்?"

"தப்புதான் சார்."

"ஜீப்பை விட்டு இறங்கலேன்னு உனக்கெப்படித் தெரியும்?"

"பிரசாரப் போட்டோ எல்லாம் பார்த்தேன் சார். கெம்பகுட்டை போட்டோவுல எதுலயும் உங்க கால் இல்ல."

அந்தப் பக்கம் டிவியை அணைத்தார்.

"அப்ப முட்டி வலிம்மா," என்றார். பிறகு, "பாறை எவ்ளோ உயரம்?"

வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 15, சனி

போய் வந்தோம். கால் இரண்டும் கெஞ்சுகின்றன. ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

பாறை உச்சியில் வேப்பமரத்தடியில் ஒரு முழ அகலத்துக்குத்தான் சிக்னல். அந்த இடத்திலிருந்து கீழே சரிவு வரைக்கும் ஜோடி ஜோடியாகச் செருப்புகள். ஆட்கள் எல்லாம் நிழலில் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள். முன்னால் ஒருவர் பேசி முடித்தால் எல்லாச் செருப்பையும் ஒரு இடம் நகர்த்துகிறார்கள். தகராறே இல்லை.

கட்சிக்காரர்கள் சாரை நேராக மரத்தடிக்குக் கூட்டிப்போனார்கள். ரங்கம்மா குறுக்கே வந்து நின்றார். நான் நினைத்ததைவிடக் குள்ளம். இடுப்பில் அரிவாள் – புல் அறுக்கப் போகிற வழியில் வந்திருக்கிறார்.

"சார், உடம்புக்கு முடியாதவங்க, பிரசவம் – இந்த ரெண்டுக்கும்தான் முன்னாடி விடுவோம். உங்களுக்கு எது?"

சார் தன் கால்களைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார், ஒன்பதாவது இடத்தில் வைத்தார். வெள்ளைச் செருப்பு, புதுசு. அதை மட்டும் கூட வந்த நிருபர் பன்னிரண்டு படம் எடுத்தார்.

முக்கால் மணி நேரம். அவருக்கு முன்னால் இருந்தவர் குந்தாரப்பள்ளி சந்தைக்குக் கொண்டுபோகும் ஒரு ஜோடிக் காளைக்குப் போனிலேயே விலை பேசினார். பேரம் படியும் நேரத்தில் ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது. தன் நேரத்தில் ஒரு நிமிடத்தைச் சார் விட்டுக்கொடுத்தார். அதற்கு மட்டும் ஊரே கைதட்டியது.

பிறகு டவர் விஷயம் பார்க்கிற அதிகாரியைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

"சார், உங்க வாய்ஸ் விட்டு விட்டு வருது. சிக்னல் இருக்கற இடத்துக்கு வந்து பேசுங்க சார்."

"அதச் சொல்லத்தான்யா கூப்பிட்டேன்."

லைன் அறுந்தது. நேரமும் ஆகிவிட்டது. ரங்கம்மா மணிக்கட்டைக் காட்டினார். நாங்கள் கிளம்பத் தயாரானோம், மைக்கேல்ராஜ் அண்ணன் ஏற்கெனவே பாதிச் சரிவு இறங்கிவிட்டார். திரும்பிப் பார்த்தால் சார் தன் செருப்பை எடுத்துக்கொண்டு போய்க் கடைசியில் வைக்கிறார். நிருபர் போய்விட்டிருந்தார். அதைப் படம் எடுக்க ஒருவரும் இல்லை.

இரண்டாம் முறை அதிகாரி கிடைத்தார். சார் ஐந்து நிமிடம் பேசினார். எதிரில் முகம் இல்லாததாலோ என்னவோ, ஒரே ஒரு பக்கம்தான் பேசினார்.

பிப்ரவரி 17, திங்கள்

கையேட்டுக்குச் சார் அனுப்பிய திருத்தம்: "டவர் – வேணும். காட்டு இலாகா ஆட்சேபித்தாலும் வேணும்." அவர் பேரில் 'ஆட்சேபித்தாலும்' என்ற சொல்லை முதன்முதலாகத் தட்டச்சு செய்கிறேன்.

மார்ச் 24, திங்கள்

இது நடக்கும் என்று நான் நினைத்திருக்க வேண்டும். மைக்கேல்ராஜ் அண்ணன் என் கடிதத்தை மாதிரி ஐந்து ஆக்கிவிட்டார்.

"உங்கள் ஊரில் ______ இல்லை என்பது எனக்குத் தெரியாது. சொல்ல வெட்கமாக இருக்கிறது."

இருநூறு பிரதி. "மக்களுக்குப் பிடிச்சிருக்குதில்ல? தேதிய மட்டும் எடுத்துட்டேன். அது வம்பு."

மாலைக்குள் சார் எழுபத்திரண்டு பேரிடம் வெட்கப்பட்டிருந்தார். கோடிட்ட இடத்தில் ஒருவருக்குத் தவறுதலாக 'கல்யாணம்' என்று நிரப்பியது நான் இல்லை.

ஏப்ரல் 23, புதன்

ரங்கம்மா கடிதம். பத்து நாள் முன்னாலேயே மாரம்மாவை அஞ்செட்டியில் அவள் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டார்களாம். பெண் குழந்தை, இருவரும் நலம். "டவர்காரர்கள் வந்து நாலு குச்சி நட்டுவிட்டுப் போனார்கள். ஒன்றை ஆடு தின்றது."

ஜூலை 25, வெள்ளி

சார் அவையில் டவர் கேள்வி கேட்டார். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்ததாம். உடனே எனக்குப் போன் பண்ணினார். "இவங்ககிட்டயும் ஒரு பெனிஷா இருக்கணும்மா," என்றார். பாராட்டா, தெரியவில்லை. மறுபடி எழுதிக் கேட்கச் சொன்னார். இரண்டாவது கடிதம் அனுப்பியிருக்கிறேன்.

செப்டம்பர் 4, வியாழன்

நாலாவது அனுப்பினேன். இப்போது ரங்கம்மாவின் கோபம் எனக்குச் சொந்தமாகப் புரிகிறது.

நவம்பர் 13, வியாழன்

மதியம் ஆபீஸ் போன். கரியப்பன் அண்ணன் எடுத்து, "உனக்குத்தான் போல," என்று நீட்டினார்.

"எம்.பி. ஆபீஸா? கெம்பகுட்டை ரங்கம்மா பேசறேன். பஸ் கேட்டு எழுதியிருந்தேன். பதில் வந்துச்சு. 'உங்கள் ஊரில் பஸ் இல்லை என்பது எனக்குத் தெரியாது'ன்னு போட்டிருக்கீங்க. அதான் நேர்ல வந்து பார்த்துட்டுப் போனாரே. வெட்கமெல்லாம் எழுதியிருக்கு, தேதியக் காணோமே?"

எனக்குத் தெரியாமல் மாதிரி ஐந்து போயிருக்கிறது. அந்தப் பக்கம் குழந்தை அழுதது. யாரோ அதட்டினார்கள். குக்கர் விசில் அடித்தது.

பாறை மேல் யார் குக்கர் வைக்கப்போகிறார்கள்.

"அக்கா, வீட்டுலேர்ந்தா பேசறீங்க?"

"பின்ன? திங்கக்கிழமையிலேர்ந்து டவர் எடுக்குது. நீ யாரு?"

"பெனிஷா. அந்தக் கடிதம்... தேதியோட வந்ததே, அத எழுதினது நான்தான்."

ஐந்து நிமிடக் கணக்கு இனி இல்லை என்பதால் அவர் நிதானமாகவே யோசித்தார்.

"அப்ப நீ வா," என்றார். "இந்த சனிக்கிழம. அஞ்செட்டியிலேர்ந்து ஒன்பது கிலோமீட்டர் நடக்கணும். அதுக்குத்தான் பஸ் கேக்கறது."

விடுப்பு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை'.